அடுப்புக்குப் பிறகு தொடும் கை: உணவகங்களில் கை சுத்தமும் கையுறையும்

கொரோனாவுக்குப் பிறகு டெல்டா பக்கத்துக் கடைகளில் கையுறை சாதாரணக் காட்சியாகிவிட்டது. கும்பகோணத்து மெஸ்ஸானாலும் சரி, மன்னார்குடியில் மாலை நேரப் பரோட்டாக் கடையானாலும் சரி, யாராவது ஒருவர் அந்த மெல்லிய பாலிதீன் உறையை மாட்டியிருப்பார். அதே கையால் சிலிண்டர் வால்வைத் திருப்புவார், கல்லாவிலிருந்து சில்லறை எடுத்துக் கொடுப்பார், போன் அடித்தால் எடுத்துப் பேசுவார், அப்புறம் வெங்காயப் பச்சடியை அள்ளி இலையில் வைப்பார். உறை மட்டும் கழற்றப்படாமலே இருக்கும். பார்க்கிற நமக்கும் ஒரு திருப்தி: பரவாயில்லை, சுத்தமான கடை.

அந்தத் திருப்தியைக் கொஞ்சம் கலைக்கத்தான் இதை எழுதுகிறேன். சின்னதாக மெஸ் தொடங்குகிறவர்கள், கல்யாணச் சமையலுக்கு ஆள் கூட்டிப் போகிறவர்கள், லீவு நாளில் பரிமாறும் வேலைக்குப் போகிற கல்லூரிப் பிள்ளைகள், இவர்களை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். விஷயம் கடினமில்லை. கையில் உறை இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்கப் பழகினால் போதும். இந்தக் கை கடைசியாக எதைத் தொட்டது? இப்போது தொடப்போகிற உணவு இனி அடுப்பைப் பார்க்குமா, பார்க்காதா? சட்டப் புத்தகத்தில் உள்ள விதிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடும்.

கை எதைக் கொண்டுவருகிறது

உணவு வழியாகப் பரவும் நோய்களில் கையோடு நேரடியாகத் தொடர்புள்ளவை சில. டைபாய்டு, வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் ஷிகெல்லா, மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ, வாந்தி பேதியில் தள்ளும் நோரோ வைரஸ். இந்த நான்கும் மலத்தில் வெளியேறி வாய் வழியாக அடுத்தவர் உடம்புக்குள் போகின்றன. நடுவில் பாலமாக இருப்பது பெரும்பாலும் கழிப்பறைக்குப் போய்விட்டுச் சரியாகக் கழுவாத கை, அல்லது அந்தக் கை தொட்ட தண்ணீர். ஷிகெல்லாவும் நோரோ வைரஸும் ஆளைப் படுக்க வைக்கக் கண்ணுக்குத் தெரிகிற அளவு அழுக்கு தேவையே இல்லை. நூறுக்கும் குறைவான கிருமிகள் போதும். 'கை பார்க்கச் சுத்தமாத்தானே இருக்கு' என்ற பேச்சுக்கு அர்த்தமில்லாமல் போவது இதனால்தான்.

ஹெபடைடிஸ் ஏ விஷயத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. கண் மஞ்சளாகும் முன்பே, கிட்டத்தட்ட இரண்டு வாரமாக, அந்த ஆள் கிருமியை வெளியே விட்டுக்கொண்டிருப்பார். அவருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. ஆக, நோயாளியைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடலாம் என்ற திட்டம் மட்டும் பலிக்காது. எல்லோரும் எப்போதும் கழுவ வேண்டியிருக்கிறது.

இதை உலகத்துக்குக் கசப்பாகக் கற்றுக்கொடுத்தவர் மேரி மாலன் என்ற அயர்லாந்துப் பெண். நியூயார்க்கில் வசதியான வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர். 1906 கோடையில் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் அவர் சமைத்த வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு வந்தது. விசாரிக்க வந்த ஜார்ஜ் சோப்பர், அதற்கு முன் மேரி வேலை பார்த்த வீடுகளிலும் டைபாய்டு வந்திருப்பதைக் கண்டார். மேரிக்கோ காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆள் திடமாக இருந்தார். டைபாய்டு வந்து போன சிலருக்குப் பித்தப்பையில் கிருமி தங்கிவிடும். அவர்கள் நலமாகவே நடமாடுவார்கள், கிருமி மட்டும் வெளியே வந்துகொண்டிருக்கும். மேரி அப்படிப்பட்டவர். 1907இல் அவரைப் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். இனிமேல் சமைக்க மாட்டேன் என்று சொன்ன பிறகு 1910இல் விட்டார்கள். 1915இல் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சமையலறையில் அகப்பட்டார். அங்கே 25 பேருக்குத் தொற்று, இரண்டு பேர் இறந்திருந்தார்கள். அதன் பிறகு 1938இல் சாகும்வரை அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை.

அவரைக் கெட்டவராகச் சித்திரிப்பதில் எனக்கு விருப்பமில்லை. சமையலை விட்டால் அதே சம்பளத்துக்கு வேறு வேலை இல்லாத ஒரு பெண் அவர். நமக்கு இங்கே வேண்டியது சோப்பரைக் குழப்பிய ஒரு கேள்வி. சூடாகச் சமைத்த சாப்பாட்டில் கிருமி செத்துப்போயிருக்குமே, பின்னே எப்படிப் பரவியது? அவர் கண்ட விடை, மேரி கையால் செய்த ஐஸ்கிரீம். அதில் பச்சையாக நறுக்கிய பீச் பழம் போட்டிருந்தது. அதாவது, அடுப்பைப் பார்க்காத பதார்த்தம்.

அடுப்புக்கு முன்பா, பின்பா

பரோட்டா மாஸ்டர் மாவு பிசைவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையால், முழங்கை வரை எண்ணெயோடு அறைந்து பிசைவார். பார்க்கிற சிலருக்கு முகம் சுளிக்கும். ஆனால் கை கழுவியிருந்தால் அதில் பயப்பட அதிகமில்லை. மாவு உருண்டையாகி, வீச்சாகி, கல்லில் விழுந்து இரண்டு பக்கமும் வேகிறது. கையிலிருந்து போன பெரும்பாலான கிருமி அந்தச் சூட்டில் முடிந்துபோகும். ஆபத்து அடுத்த கட்டத்தில் இருக்கிறது. வெந்த பரோட்டாக்களை அடுக்கி, இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடித்து உதிர்ப்பார் பாருங்கள், அங்கே. அதற்கு மேல் அது நேரே தட்டுக்குத்தான் போகிறது. கொத்துப் பரோட்டா என்றால் மறுபடி கல்லுக்குப் போகும், கொஞ்சம் நிம்மதி.

இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் நம் ஊர்ச் சாப்பாட்டில் அடுப்புக்குப் பிறகு கை படுகிற இடங்கள் நிறைய. பந்தியில் முதலில் வைக்கிற கோசுமல்லி, தயிர்ப் பச்சடி. அரைத்துத் தாளித்துக் கொட்டிய தேங்காய்ச் சட்னி. தாளிப்பின் சூடு மேலாகப் படுவதோடு சரி, சட்னி முழுவதும் வேகாது. அன்னதானத்துக்குப் பெரிய அண்டாவில் கையை விட்டுப் பிசைகிற தயிர் சாதம், புளியோதரை. பூந்தியைப் பாகில் போட்டுச் சூடு ஆறும் முன் பிடிக்கிற லட்டு. கூடையிலிருந்து எடுத்து வைக்கிற வடை, அப்பளம். பஸ் ஸ்டாண்டில் கீறி மிளகாய்ப்பொடி தடவித் தருகிற வெள்ளரிப் பிஞ்சு, தோலை உரித்துத் தருகிற நுங்கு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் மீன் வறுவலோடு வைக்கிற வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும். பச்சை மீனுக்கு மசாலா தடவிய அதே கை வெங்காயத்துக்கும் போனால் வறுவல் தப்பிக்கும், வெங்காயம் தப்பிக்காது.

தண்ணீர் டம்ளரையும் மறக்க வேண்டாம். நான்கு டம்ளருக்குள் நான்கு விரலை விட்டு ஒரே கையில் தூக்கி வருகிற வித்தை இன்னும் நம் ஊரில் ஒழியவில்லை. கையுறை போட்டுக்கொண்டு அதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுப்பு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுமா என்றால், ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா நல்ல ஆரோக்கியமான பலருடைய மூக்கிலும் தோலிலும் குடியிருக்கும். கையில் சீழ் வைத்த புண், கொப்புளம் இருந்தால் அங்கே மிக அதிகம். இது சோற்றிலோ பால் பதார்த்தத்திலோ விழுந்து, வெதுவெதுப்பில் சில மணி நேரம் கிடந்தால் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கும். பாக்டீரியா சூட்டில் சாகும், நஞ்சு சாகாது. மறுபடி கொதிக்க வைத்தாலும் அது அப்படியே இருக்கும். சாப்பிட்டவர்களுக்குப் பெரும்பாலும் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை உள்ள வெப்பத்தை உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆபத்து எல்லை என்கிறார்கள். சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர் மண்டபத்துச் சமையல் கட்டு நாள் முழுக்க அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. காலை பதினோரு மணிக்குப் பிசைந்த சாதம் மூன்றாம் பந்திக்கு மூன்று மணிக்கு வருகிறது என்றால், பிசைந்தவர் விரலில் இருந்த சின்னப் புண் பெரிய விஷயமாகிவிடும்.

கழுவுவது

சோப்பு கிருமியைக் கொல்வதால்தான் வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது செய்வது பெயர்த்தெடுக்கும் வேலை. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். தோலில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருக்கிற கிருமியை அது கிளப்பிவிட, ஓடுகிற தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. கொரோனா போல மேலே கொழுப்பு உறை உள்ள வைரஸ்களைச் சோப்பு சிதைக்கவும் செய்யும். நோரோ வைரஸுக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கும் அந்த உறை கிடையாது. அவற்றைத் தேய்த்து, ஓடவிட்டுத்தான் கழற்ற வேண்டும். தேய்ப்பதும் தண்ணீர் ஓடுவதும் இல்லாமல் சோப்பை மட்டும் தொட்டுவிட்டு வந்தால் பயனில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

கையை நனைத்து, நுரை வரச் சோப்புப் போட்டு, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நக நுனி, மணிக்கட்டு என்று 20 நொடி தேய்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நனைப்பதிலிருந்து துடைப்பது வரை மொத்தம் 40 முதல் 60 நொடி என்று கணக்குச் சொல்கிறது. அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது கட்டை விரலையும் நக நுனியையும்தான். பிசைவதும் கிள்ளுவதும் உருட்டுவதும் அந்த இரண்டை வைத்துத்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டச் சொல்வதும், மோதிரம் வளையல்களைக் கழற்றச் சொல்வதும் இதற்காகவே. அடியில் அழுக்கு நிற்கும், மேலே சோப்பு போகும். சுடுதண்ணீர்தான் வேண்டும் என்று இல்லை. குழாயில் வருகிற சாதாரணத் தண்ணீரே போதும்.

தண்ணீரைப் பற்றி டெல்டாக்காரர்கள் தனியாகப் பேச வேண்டும். கும்பகோணம், திருவையாறு பக்கம் நல்ல தண்ணீர். கடலை நோக்கிப் போகப் போக, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். கடின நீரில் கட்டிச் சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து பிசுபிசுவென்று கையில் நிற்கும். தேய்த்துப் பார்த்துச் சலித்துப்போய் ஆட்கள் கழுவுவதையே விட்டுவிடுவார்கள். அங்கே திரவ ஹேண்ட்வாஷ் பரவாயில்லை, கடின நீரிலும் அது ஓரளவு நுரைக்கும். கொஞ்சம் செலவு கூடத்தான் செய்யும்.

அடுத்தது, குழாய் எங்கே இருக்கிறது என்பது. பல சின்னக் கடைகளில் கை கழுவும் இடம் வாடிக்கையாளருக்கு மட்டும் இருக்கும். மாஸ்டருக்கு ஒரு வாளியும் மக்கும். கழிப்பறையிலிருந்து வந்த கை மக்கின் பிடியைப் பிடிக்கிறது. கழுவிய பிறகும் அதே பிடியைப் பிடிக்கிறது. ஆளுக்கு ஆள் மாறி எல்லோருடைய அழுக்கும் அந்தப் பிடியில் சேர்கிறது. குழாய் வைத்த பிளாஸ்டிக் டிரம் ஒன்றை ஸ்டூலில் ஏற்றி, ஒரு வலைப்பையில் சோப்பைப் போட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டால் தீர்ந்தது. அதைச் சமைக்கிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வைக்க வேண்டும். அமெரிக்க உணவகங்களில் தொழிலாளர்களை நேரில் கவனித்துச் செய்த ஆய்வுகளில், கை கழுவும் தொட்டி கண் பார்வையில் இருந்த இடங்களில் ஆட்கள் அதிகமாகக் கழுவினார்கள் என்று தெரிந்தது. கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டு 'ஏன்டா தம்பி கழுவல' என்று திட்டிக்கொண்டிருப்பதில் நியாயமில்லை.

கழுவிய கையைத் துடைப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. ஈரக் கை காய்ந்த கையைவிட எளிதாகக் கிருமியை வாங்கும், எளிதாகக் கொடுக்கும். நம் ஆட்கள் துடைப்பது தோளில் கிடக்கிற துண்டில். அந்தத் துண்டுதான் முகத்து வேர்வையையும், மேசையையும், தோசைக்கல் பிடியையும், சில நேரம் தட்டையும் துடைத்தது. டிஷ்யூ பேப்பர் கட்டுப்படியாகும் கடைகள் அதை வைக்கலாம். முடியாதவர்கள் துவைத்த சின்னத் துணிகளை அடுக்கி வைத்து, ஒரு முறை துடைத்ததும் கூடையில் போட்டுவிடலாம். அதுவும் முடியாதா, கையை உதறிக் காற்றில் காயவிடுங்கள். துண்டுக்கு அது எவ்வளவோ மேல்.

சானிடைசர் கழுவுவதற்கு மாற்று அல்ல. எண்ணெய்யும் மாவும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது, நோரோ வைரஸிடமும் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. கழுவிய கையில் கூடுதலாகப் போடலாம், அவ்வளவுதான்.

எப்போதெல்லாம் கழுவ வேண்டும்? வேலை தொடங்கும் முன். கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு. பச்சை மீன், கறி, முட்டை தொட்ட பிறகு. காசு, போன், குப்பைக் கூடை, எச்சில் இலை தொட்ட பிறகு. மூக்கையோ தலையையோ சொறிந்த பிறகு. இருமி, தும்மிய பிறகு. வெற்றிலை, பீடி வாயில் வைத்த பிறகு. நீளமான பட்டியலாகத் தெரிந்தாலும் எல்லாம் முதலில் சொன்ன கேள்விதான்: கடைசியாக எதைத் தொட்டாய்?

நம் வீடுகள் சிலவற்றில் 'பத்து' பார்ப்பது என்று ஒரு பழைய பழக்கம் உண்டு. சோற்றுப் பானையைத் தொட்ட கையால் தயிரையும் நெய்யையும் தொடக் கூடாது, நடுவே கையைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கை போகும்போது நின்று யோசிக்கச் சொல்கிற பழக்கம் அது. அந்த அளவுக்கு அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரில் விரலைத் தொட்டு எடுப்பது கிருமிக்குச் சடங்குதான். யார் தொட்டார்கள் என்று ஆளைப் பார்த்து ஒதுக்கிய மடி ஆசாரமோ இந்தப் பேச்சுக்குள்ளேயே வராது. சோப்புக்குச் சாதி தெரியாது.

கையுறை

கையுறை பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் அதன் எல்லையும் புரிந்துவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அவரிடம் வேலை பார்த்த கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியருக்குக் கிருமிநாசினித் திரவத்தில் கையை நனைத்து நனைத்துத் தோல் வெந்துபோனது. 1889–90 வாக்கில் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர் உறை செய்து வாங்கினார். (1890இல் இருவரும் கல்யாணமும் செய்துகொண்டார்கள்.) ஆக, அறுவை அரங்குக்குள் கையுறை வந்தது செவிலியரின் கையைக் காப்பாற்ற. நோயாளிக்கும் அதனால் நன்மை உண்டு என்பது பிறகுதான் புரிந்தது.

இன்றும் கடைகளில் நடப்பது பாதி அதுவேதான். உறை போட்டவர் தன் கையில் பிசுக்கு ஒட்டவில்லை என்று நிம்மதியாக இருக்கிறார். வெறுங்கையாக இருந்தால் மீன் நாற்றமோ மாவோ ஒட்டியதும் கழுவத் தோன்றும். உறைக்குள் இருக்கிற கைக்கு அந்த உணர்வே வராது. மேலே சொன்ன அதே அமெரிக்க ஆய்வுகள் இதையும் கவனித்தன: கையுறை போட்டுச் செய்த வேலைகளில் கை கழுவுவது குறைந்திருந்தது.

அப்படியென்றால் கையுறையே வேண்டாமா? வேண்டும், இடம் பார்த்து. அமெரிக்க மத்திய அரசு மாநிலங்களுக்கு முன்மாதிரியாக வைத்திருக்கிற உணவு விதிமுறை, அப்படியே உண்ணத் தயாராக இருக்கும் உணவை வெறுங்கையால் தொடக் கூடாது என்கிறது. கையுறை, இடுக்கி, கரண்டி, தாள் என்று ஏதோ ஒன்று நடுவில் இருக்க வேண்டும். ஒரு கையுறை ஒரு வேலைக்கு மட்டும். அங்கேயும் இது சண்டையில்லாமல் போகவில்லை. கலிபோர்னியா மாநிலம் 2014 தொடக்கத்தில் இதைச் சட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தது. சுஷி செய்கிறவர்களும் மதுக்கூடத்துக்காரர்களும் எதிர்த்தார்கள், அதே ஆண்டின் நடுவிலேயே திரும்பப் பெற்றுவிட்டது.

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு உரிம விதிகளில் நான்காம் அட்டவணை இதற்கானது. சின்னக் கடைகளுக்கான பகுதியிலேயே, சமைப்பவர்கள் சுத்தமான மேலங்கி, கையுறை, தலையுறை அணிய வேண்டும் என்று இருக்கிறது. நகம் வெட்டியிருக்க வேண்டும், வேலைக்கு முன்பும் ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வெட்டுக்காயம் மூடியிருக்க வேண்டும், உணவு இருக்குமிடத்தில் மெல்லுவது, துப்புவது, புகைப்பது கூடாது என்பனவும் அங்கேயே இருக்கின்றன. ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் எல்லோரும் ஓடிப்போய் வாங்குவது கையுறையைத்தான். அது மட்டும்தான் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

பயன்படுத்துகிறவர்களுக்கு முதல் விஷயம், கழுவிக் காய்ந்த கையில்தான் உறை மாட்ட வேண்டும். உள்ளே சூடு, வேர்வை, ஈரம். கிருமி பெருக அதைவிட வசதியான இடம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாகவும், கிழிந்தால் மொத்தமாகவும் அது வெளியே வரும். உறை வாயைத் திறக்க உள்ளே ஊதுவது, எச்சில் தொட்டுப் பிரிப்பது இரண்டும் நம் ஊரில் சர்வ சாதாரணம், இரண்டும் கூடாது. கழற்றும்போது மணிக்கட்டுப் பக்கம் பிடித்து உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும். கழற்றியதும் மறுபடி கை கழுவ வேண்டும். உறையோடு கையைக் கழுவிவிட்டுத் தொடர்வது, கழற்றிக் காயவைத்து மறுநாள் போடுவது எல்லாம் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உறைக்குச் செல்லாது.

எப்போது மாற்றுவது என்பதும் பழைய கேள்வியிலேயே இருக்கிறது. வெறுங்கையாக இருந்தால் இப்போது கழுவியிருப்பேனா? ஆமாம் என்றால் உறையை மாற்று. கிழிந்தாலும் மாற்று. ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தாலும் 4 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று பயிற்சிகளில் சொல்வார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அவ்வளவு நேரம் காத்திருக்காமல் வேர்வை சேர்ந்ததும் மாற்றிவிடுவது நல்லது. ஆளுக்கு நாளைக்கு ஒரு ஜோடி என்று எண்ணிக் கொடுக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லலாம்: அந்தக் காசுக்கு நல்ல சோப்பு வாங்கிப் போடுங்கள், வாடிக்கையாளருக்கு அதுவே பாதுகாப்பு.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போன்ற பாலிதீன் உறை மலிவு, தொளதொளவென்று இருக்கும். வடை எடுத்து வைக்க, லட்டு பிடிக்கப் போதும். அதைப் போட்டுக்கொண்டு தோசைக்கல், எண்ணெய்ச் சட்டி பக்கம் போகவே கூடாது. சூட்டில் இளகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வினைல் கொஞ்சம் பொருந்தும், ஆனால் சீக்கிரம் கிழியும். நைட்ரைல் உறுதியானது, பெரும்பாலும் நீல நிறத்தில் வரும். துண்டு கிழிந்து உணவில் விழுந்தால் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதால் உணவு வேலைக்கு நீலம் வசதி. நீல நிறத்தில் நம் சமையலில் எதுவும் இல்லை, சங்குப்பூ டீயைத் தவிர. ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் உறை சிலருக்கு ஒவ்வாமை தரும். அதன் துகள் உணவுக்கும் போகலாம் என்பதால் அமெரிக்காவில் சில மாநிலங்கள் உணவகங்களில் அதைத் தடை செய்திருக்கின்றன.

பல இடங்களில் கையுறையைவிட நல்ல தீர்வு நம்மிடம் முன்பே இருக்கிறது. வாழையிலைத் துண்டால் வடையை எடுத்துக் கொடுக்கிற பழக்கம் இன்னும் சில கடைகளில் உண்டு. எடுத்த பிறகு அந்தத் துண்டு குப்பைக்குப் போய்விடும். அதைத்தான் ஒருமுறைப் பயன்பாடு என்கிறோம். இடுக்கியும் நீளக் காம்புக் கரண்டியும் ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும். பரோட்டா உதிர்க்கிற மாதிரி கையைத் தவிர வேறு வழியில்லாத இடத்துக்கு உறையை வைத்துக்கொள்ளலாம்; அதுவும் சூடு ஆறியதைத் தொடும்போது மட்டும்.

தனி ஆளாகத் தள்ளுவண்டி வைத்திருக்கிறவர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கை கழுவ முடியாது, அது தெரிந்த விஷயம். அவருக்கு எளிய வழி ஒரு கையில் மட்டும் உறை. உறை போட்ட கை உணவுக்கு, வெறுங்கை காசுக்கும் போனுக்கும். கியூஆர் அட்டை வந்த பிறகு காசு புழங்குவது குறைந்திருக்கிறது. அந்த இடத்தைப் போன் பிடித்துக்கொண்டது. பணம் வந்துவிட்டதா என்று நொடிக்கொரு தரம் தடவிப் பார்க்கிறோமே.

பந்தியில்

தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் கல்யாணச் சமையல்காரர்கள் சுற்று வட்டாரத்திலிருந்து பத்துப் பதினைந்து பிள்ளைகளைப் பரிமாறக் கூட்டி வருவார்கள். முதல் பந்தி முடிந்ததும் அதே பிள்ளைகள் எச்சில் இலையை எடுத்துப் போடுவார்கள், மேசையில் பேப்பர் விரிப்பார்கள், கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அடுத்த பந்திக்கு இனிப்பு வைக்கப் போவார்கள். இங்கே சொற்பொழிவு எடுபடாது, ஆளைப் பிரிப்பதுதான் எடுபடும். இலை எடுக்கிறவர் பரிமாறக் கூடாது, பரிமாறுகிறவர் இலை எடுக்கக் கூடாது. இரண்டு பேரை இலைக்கும் குப்பைக்கும் என்று காலையிலேயே ஒதுக்கிவிட்டால் மற்றவர்களுக்குக் கழுவ வேண்டிய தடவையே குறைந்துபோகும். லட்டு, வடை, அப்பளம், வாழைப்பழம் எடுத்துப்போகிறவர்களுக்கு இடுக்கியோ உறையோ கொடுங்கள். வாளியும் கரண்டியுமாகச் சாம்பார் ஊற்றுகிறவருக்கு உறை அவசியமில்லை, கரண்டிக் காம்பு சாம்பாருக்குள் மூழ்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உடம்பு சரியில்லாதவர்

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. வயிற்றுப்போக்கும் வாந்தியும் உள்ளவர் எவ்வளவு கழுவினாலும், எத்தனை உறை போட்டாலும் உணவுப் பக்கம் வரக் கூடாது. நின்ற பிறகும் குறைந்தது இரண்டு நாள் தள்ளியிருக்க வேண்டும். மஞ்சள் காமாலை, டைபாய்டு என்றால் மருத்துவர் சொன்ன பிறகே திரும்ப வரலாம். நான்காம் அட்டவணையில் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசியும் சொல்லப்பட்டிருக்கின்றன. சீழ்ப் புண் உள்ளவரைப் பிசைகிற, பரிமாறுகிற வேலையிலிருந்து மாற்ற வேண்டும். சின்ன வெட்டுக்காயம் என்றால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டி, அதற்கு மேல் உறை போட வேண்டும். பிளாஸ்திரி கழன்று குழம்பில் விழுந்த கதைகள் சமையல்காரர்களிடம் நிறைய உண்டு.

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தினக்கூலிக்கு வந்தவர் காலையில் 'அண்ணே, ராத்திரி முழுக்க வயிறு சரியில்லை' என்று வாயைத் திறந்தால் அன்றைய சம்பளம் போய்விடும், முகூர்த்த நாள் என்றால் அடுத்த அழைப்பும் போய்விடும். அதனால் வாயைத் திறக்க மாட்டார். மேரி மாலன் பெயரை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனதும் இதே கணக்கில்தான். கடைக்காரர் ஒரு ஏற்பாடு செய்யலாம். வயிறு சரியில்லை என்று வந்து சொல்கிறவருக்கு அரைச் சம்பளமாவது கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது. சம்பளத்தை முழுசாகக் கொடுத்துச் சமையல் கட்டுக்கு வெளியே உட்கார்ந்து செய்கிற வேலை எதையாவது கொடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு; பேதியோடு இருப்பவர் கடையின் ஒரே கழிப்பறையையும் ஒரே குழாயையும்தான் பயன்படுத்துவார் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டுக்கே அனுப்புங்கள். அவர் கையில் அந்தச் சம்பளத்தைக் கொடுப்பதை மற்ற ஆட்களும் பார்க்கட்டும். அடுத்த முறை இன்னொருவர் மறைக்காமல் வந்து சொல்வார்.